காலம் தாழ்ந்த அறிதல்: கவிதையில் உழைக்கும் தந்தையும் மாறும் மகவின் பார்வையும்

ஆய்வுச் சுருக்கம்

உழைத்து ஓய்ந்த தந்தையை வளர்ந்த மகவு திரும்பிப் பார்க்கும் கவிதைகள், திறனாய்வில் நன்றியுணர்வுக் கவிதைகள் என்றோ பாசக் கவிதைகள் என்றோ எளிதில் வகைப்படுத்தப்படுகின்றன. இவற்றின் உயிர்நிலை காலம் தாழ்ந்து வாய்க்கும் அறிவே என்பதும், அவ்வறிவு மன்னிப்பாகவோ கடன் தீர்ப்பாகவோ முடிய வேண்டுவதில்லை என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஹேடனின் கவிதை ஒன்றை நடுவில் வைத்து, திருக்குறள், புறநானூறு, பாரதியாரின் ‘கனவு’, நா. முத்துக்குமாரின் ‘தூர்’ ஆகியவற்றோடு ஒப்பிட்டு இக்கருத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தந்தை, உழைப்பு, கடன், எச்சவும்மை, ஒப்பியல் திறனாய்வு.

முன்னுரை

குழந்தையின் கண்ணுக்குத் தந்தையின் உழைப்பு பெரும்பாலும் புலப்படுவதில்லை. அது வீட்டிற்கு வெளியே நிகழ்கிறது. அல்லது குழந்தை விழிக்கும் முன்னரே நிகழ்ந்து முடிகிறது. குழந்தைக்குத் தெரிவன உழைப்பின் விளைவுகளும் எச்சங்களுமே: உலையில் அரிசி, பள்ளிக் கட்டணம், களைப்பு, சினம், பேச்சின்மை. குழந்தை வளர்ந்து, தானும் பொருளீட்டும் நிலைக்கு வந்தபின், அன்று கண்ட எச்சங்களுக்கும் காணாத உழைப்பிற்கும் உள்ள தொடர்பு விளங்குகிறது. இவ்விளக்கம் பிறக்கும் கணத்தையே இவ்வகைக் கவிதை பொருளாகக் கொள்கிறது.

இக்கணத்தை ‘நன்றி’ என்னும் ஒரு சொல்லால் மூடிவிடும்போது, கவிதையில் உள்ள மற்றொன்று மறைந்துவிடுகிறது. அன்று குழந்தை உணர்ந்த அச்சமும் விலகலும் பொய்யல்ல. பின்னாளில் வந்த அறிவு அவற்றை அழிப்பதுமில்லை. இரண்டும் ஒரே கவிதையில் உடன் நிற்பதைக் காணாத திறனாய்வு, கவிதையை வாழ்த்துரையாகக் குறுக்கிவிடுகிறது. இக்குறுக்கத்திற்குத் தமிழ் மரபு ஓரளவு இடம் தருகிறது; அதனின்று மீளும் வழியும் தமிழ் மரபிலேயே உள்ளது.

அவை நடுவே தந்தை

திருக்குறளின் ‘மக்கட்பேறு’ அதிகாரம் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான உறவை ஈருரைகளில் வகுக்கிறது. தந்தை மகனுக்குச் செய்யும் நன்மை, கற்றோர் அவையில் முந்தியிருக்குமாறு அவனை ஆக்குதல் (குறள் 67). மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறு, இவன் தந்தை எத்தவம் செய்து இவனைப் பெற்றானோ எனப் பிறர் வியக்குமாறு ஒழுகுதல் (குறள் 70). இவ்விரு குறள்களிலும் தந்தையும் மகனும் தனித்திருக்கும் தருணம் இல்லை என்பது நோக்கத்தக்கது. முன்னதில் அவை சான்றாக நிற்கிறது. பின்னதில் உலகோர் வாய்மொழி சான்றாக நிற்கிறது. கொடுத்தலும் திருப்பித் தருதலும் பிறர் அறிய நிகழ்கின்றன.

பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடலும் (312) இத்தகையதே. ஒரு மறக்குடித் தாய் பேசும் அப்பாடல், ஈன்று வளர்த்தல் தாய்க்கும், சான்றோனாக்கல் தந்தைக்கும், வேல் வடித்தல் கொல்லனுக்கும், நல்லொழுக்கம் கற்பித்தல் வேந்தனுக்கும், போர்க்களத்தில் களிறெறிந்து மீளல் காளைக்கும் உரியவை எனப் பகுக்கிறது. ஒவ்வொருவர் பங்கும் ‘கடன்’ என்னும் சொல்லால் சுட்டப்படுகிறது. தந்தையின் பங்கு இங்குச் சமூகப் பொறுப்புகளின் வரிசையில் ஓரிடமாக உள்ளது. அப்பங்கை ஆற்றத் தந்தை பட்ட பாடும், அதை மகன் எவ்வாறு கண்டான் என்பதும் பாடலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

பாண்டியன் அறிவுடைநம்பியின் பாடல் (புறம். 188) வீட்டிற்குள் நுழைகிறது, உணவை அளைந்து சிதறும் குழந்தையைக் கண்டு மகிழ்கிறது. ஆயின் அப்பார்வை பெற்றோருடையது. குழந்தை வளர்ந்து திரும்பிப் பார்க்கும் பார்வை அங்கு எழவில்லை. இவை குறைகளல்ல, அப்பாடல்களின் நோக்கம் வேறு. இன்றைய கவிதையை அவற்றின் அளவுகோலால் மட்டும் அளக்கும்போதே சிக்கல் எழுகிறது.

இரு திங்களும் இரு பார்வையும்

வளர்ந்த மகளிர் தந்தையை நினைந்து பாடும் பாடல் சங்க இலக்கியத்தில் உண்டு. பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாடல் (112), பொதுவியல் திணையில் கையறுநிலைத் துறையில் அமைந்தது. கழிந்த திங்களையும் நிகழும் திங்களையும் அருகருகே நிறுத்தி, அன்று தந்தையும் குன்றும் தம்முடன் இருந்தமையையும் இன்று இரண்டையும் இழந்தமையையும் அது கூறுகிறது. இரு காலங்களை எதிரெதிர் வைத்து இடையிலுள்ள இழப்பைச் சொல்லாமல் உணர்த்தும் முறைக்கு இதனினும் செறிவான எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பாரி மகளிர் பாடலில் மாறியது உலகம். மகளிரின் பார்வை மாறவில்லை. தந்தை அன்றும் பெரியோன்; இன்றும் பெரியோன். உழைக்கும் தந்தையைப் பாடும் தற்காலக் கவிதையில் நிகழ்வது இதன் மறுதலை. கடந்தகால நிகழ்ச்சி அப்படியே இருக்கிறது. அதைக் காணும் கண் மாறுகிறது. அதே அடுப்பு, அதே விடியல், அதே மனிதர். பொருள் மட்டும் வேறாகிறது. இழந்ததற்கு இரங்கல் கையறுநிலை. இருந்தபோது அறியாமைக்கு வருந்தல் அதற்கு அடுத்த நிலை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்குதல் இவ்வகைக் கவிதைகளின் திறனாய்வுக்கு முதற்படியாகும்.

ஹேடனின் ஞாயிறு

ராபர்ட் ஹேடன் (1913–1980) டெட்ராய்ட் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வறிய பகுதியில், வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர். அவருடைய ‘தோஸ் விண்டர் சண்டேஸ்’ என்னும் கவிதை 1962இல் வெளிவந்த தொகுப்பில் இடம்பெற்றது. பதினான்கே அடிகளைக் கொண்டது. மரபான எதுகை அமைப்புக்கு உட்படாதது. குளிர்கால ஞாயிறுகளில் தந்தை இருள் பிரியுமுன் எழுகிறார். வார நாள்களில் வெளிவேலை செய்து வெடித்த கைகளால் கணப்பு மூட்டுகிறார். அறைகள் வெம்மையுற்ற பின்னரே மகனை அழைக்கிறார். மகன் அவ்வீட்டின் சினங்களுக்கு அஞ்சி மெல்ல எழுகிறான். தந்தையிடம் பற்றின்றிப் பேசுகிறான். அவர் அவனுடைய நல்ல காலணிகளையும் துடைத்து மெருகேற்றி வைத்திருக்கிறார். இறுதியில், அன்பின் அத்தகைய கடுமையும் தனிமையும் வாய்ந்த பணிகளைப் பற்றித் தான் அன்று என்ன அறிந்திருந்தான் என்னும் வினாவோடு கவிதை முடிகிறது.

இக்கவிதையின் ஆற்றலைத் தமிழ் இலக்கணக் கண்ணோட்டத்தில் மூன்று இடங்களில் காணலாம்.

முதலாவது, ‘உம்’. கவிதையின் தொடக்க அடியில், ‘ஞாயிற்றுக்கிழமைகளிலும்’ எனத் தமிழில் உம்மை பெறத்தக்க ஒரு சிறுசொல் உள்ளது. தொல்காப்பிய இடையியல் கூறும் உம்மை வகைகளுள் இஃது எச்சவும்மை. அதிலும் இறந்தது தழீஇய எச்சம். மற்ற ஆறு நாள்களைப் பற்றிக் கவிதை தொடக்கத்தில் எதுவும் கூறவில்லை. அந்த ஓர் இடைச்சொல்லே ஆறு நாள் உழைப்பையும் தழுவிக் கொணர்கிறது. ஓய்வு நாளிலும் ஓயாமை என்னும் சிறப்பும் அதனோடு ஒட்டி வருகிறது. குழந்தைக்கு அன்று கேளாமற்போன சொல் இந்த ‘உம்’ என்றால் மிகையாகாது. வளர்ந்தவன் பேசத் தொடங்கும்போது அதைத்தான் முதலில் சேர்க்கிறான். பார்வை மாற்றம் முழுவதும் ஓரிடைச்சொல்லில் தொடங்குகிறது.

இரண்டாவது, ‘வீடு’. மகனின் அச்சத்தைக் கூறுமிடத்தில் கவிஞர் சினத்தைத் தந்தைமேல் ஏற்றவில்லை, வீட்டின்மேல் ஏற்றுகிறார். இஃது இடவாகுபெயரை ஒத்தது. வீடு என்றது அதில் வாழ்ந்தோரை. ஆயின் வாழ்ந்தோருள் யார் சினந்தனர், யார்மேல் சினந்தனர் என்பது வெளிப்படவில்லை. இம்மறைப்புக்கு இரு விளக்கங்கள் பொருந்தும். வளர்ந்த மகன் தந்தையைக் காக்க விரும்பலாம். அல்லது குழந்தைக்கு அன்று சினத்தின் தோற்றுவாய் தெரியாமலே இருந்திருக்கலாம். எவ்வாறாயினும் அச்சம் கவிதையினின்று நீக்கப்படவில்லை. கணப்பின் வெம்மைக்கும் இறுதி வினாவுக்கும் நடுவே அது இடம்பெற்றுள்ளது. பின்னாளில் உழைப்பை உணர்ந்தவன், அன்று அஞ்சியது தவறு என்று கூறவில்லை. அன்பும் அச்சமும் ஒரே வீட்டில் இருந்தன என்று மட்டும் பதிவு செய்கிறான்.

மூன்றாவது, ‘கடன்’. இறுதி அடியில் அன்பின் செயல்களைக் குறிக்க ஹேடன் ஆளும் ஆங்கிலச் சொல், பதவிக்குரிய பணி என்னும் பொருளோடு, கிறித்தவ மரபில் நாள்தோறும் குறித்த வேளைகளில் செய்யப்படும் வழிபாட்டையும் குறிக்கும். ஞாயிறு காலையில், காண்பார் எவருமின்றி, இருளில் மூட்டப்படும் நெருப்பு இதனால் வழிபாட்டின் தன்மை பெறுகிறது. இச்சொல்லைத் தமிழாக்கும்போது ‘கடன்’ என்பதே மிக நெருங்கி வரும். காலைக்கடன், நீர்க்கடன், இறுதிக்கடன் என்னும் தொடர்களில் முறையாகச் செய்ய வேண்டிய செயலும் சடங்கும் ஒருங்கே உள்ளன. பொன்முடியார் ஆண்டதும் அச்சொல்லே.

ஆயின் தமிழில் ‘கடன்’ திருப்பித் தர வேண்டிய பொருளையும் குறிக்கும். அப்பொருள் நுழைந்தவுடன் கவிதை திசைமாறிவிடுகிறது. தந்தை தந்தார், மகன் தீர்க்கவில்லை, ஆகவே வருந்துகிறான் என்னும் கணக்காக அது சுருங்கிவிடுகிறது. ஹேடனின் இறுதி வினா இக்கணக்கிற்கு இடம் தருவதில்லை. அவ்வினாவின் எழுவாய் தந்தையல்லர், பேசும் மகன். வினவப்படுவது செலுத்தாத நன்றியன்று, பெறாத அறிவு. வினா இருமுறை அடுக்கி வருவதால், விடை தெரிந்தும் அமைதி கிட்டவில்லை என்பது புலனாகிறது. தமிழாக்குவோர் ‘கடன்’ என்று எழுதினாலும், சடங்கு என்னும் பொருள் முன்னிற்கவும் கொடுக்கல் வாங்கல் பின்னிற்கவும் சூழலை அமைத்தல் வேண்டும். குறளின் அவை இங்கு இல்லை. மகனைப் புகழ உலகோர் வரவில்லை. தந்தைக்குச் சான்று கூறவும் ஒருவருமில்லை. காலம் தாழ்ந்த ஒரு மகனின் நினைவே அவ்வுழைப்புக்கு எஞ்சிய சான்று.

வருத்தமும் நன்றியின் ஒரு வடிவமே என்று இதற்கு மறுப்புக் கூறலாம். நன்றி கூறுதற்குப் பெறுவோர் வேண்டும். பெறுவோர் இல்லாதவிடத்தும் நன்றியுணர்வு இருக்கக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் நன்றியை மையமாகக் கொண்டு படித்தால் அச்சம் பேசும் பகுதி கவிதையில் மிகையாகிவிடும். அறிதலை மையமாகக் கொண்டால் அப்பகுதியும் இன்றியமையாததாகிறது. கவிதையின் எல்லாப் பகுதிகளுக்கும் இடம் தரும் விளக்கத்தையே ஏற்றல் முறை.

தந்தை உயிரோடிருக்கும்போது

ஹேடனின் தந்தை இறந்தகாலத்தில் மட்டுமே நடமாடுகிறார். தந்தை கண்முன் இருக்கும்போது பார்வை எவ்வாறு மாறும் என்பதற்கு அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் (1939–2013) ‘ஃபாலோயர்’ சான்று. 1966இல் வெளிவந்த அவருடைய முதல் பெருந்தொகுப்பில் உள்ள இக்கவிதை, குதிரை ஏரால் உழும் தந்தையின் கைத்திறனை நுணுக்கமாக வருணிக்கிறது. அவர் பின்னே தடுக்கி விழுந்து தொல்லை தந்த சிறுவன், தானும் வளர்ந்து உழ விரும்பினான். இறுதியில் காலம் புரள்கிறது. இன்று தடுக்குபவர் தந்தை; மகனின் பின்னால் வருகிறார்; விலகிப் போவதாயில்லை.

இம்முடிவில் நன்றி இல்லை, வெறுப்பும் இல்லை. பெரியோராகக் கண்டவர் சுமையாகிவிட்டதை மகன் மறைக்காமல் கூறுகிறான். உழைப்பை எத்துணை வியந்தாலும் உடனிருத்தல் வேறொரு சோதனை என்பதை அது உணர்த்துகிறது. அதே தொகுப்பின் முதற்கவிதையான ‘டிக்கிங்’ மண்வெட்டிக்கு மாற்றாக எழுதுகோலை ஏந்தித் தந்தையின் தொழிலைத் தொடர்வதாகக் கூறுவதால் அதுவே மிகுதியாகப் பயிற்றப்படுகிறது. ‘ஃபாலோயர்’ அந்த ஆறுதலைத் தர மறுக்கிறது. இரண்டையும் இணைத்துப் படித்தாலன்றி ஹீனியின் தந்தைப் பார்வை முழுமையாகாது.

பாரதியின் கணக்கும் கிணற்றின் தூரும்

தமிழில் இப்பார்வை மாற்றத்தை வெளிப்படையாகப் பாடியவருள் பாரதியார் முன்னோடி. அவர் தந்தை சின்னசாமி ஐயர், எட்டயபுரத்தில் பருத்தி ஆலை முயற்சியில் பொருளிழந்து, 1898இல் மறைந்தார். 1910இல் வெளிவந்த தன்வரலாற்றுப் பாடலாகிய ‘கனவு’, ‘ஆங்கிலப் பயிற்சி’ என்னும் பகுதியில் தந்தையின் முடிவைக் கடிந்து பேசுகிறது. திருநெல்வேலிக்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி பயிற்றியதால் தந்தைக்கு நேர்ந்த செலவும் தமக்கு நேர்ந்த கேடும் அங்கு ஒரே கணக்கில் இடம்பெறுகின்றன. பின்னர் ‘தந்தை வறுமையெய்திடல்’ என்னும் பகுதியில் அதே தந்தை, அயலார் சூழ்ச்சியால் செல்வமெல்லாம் இழந்தவராகக் காட்சியளிக்கிறார்.

முதற்பகுதியின் கடிதலைப் பிற்பகுதியின் இரக்கம் நீக்கவில்லை. பாரதியார் முன்னதைத் திருத்தி எழுதவுமில்லை. மகனை ஆங்கிலக் கல்விக்கு அனுப்பியதும், தாமே தொழில் தொடங்க முனைந்ததும் ஒரே நம்பிக்கையின் இரு செயல்கள் என்று கொள்ள இடமுண்டு. புதிய காலத்தோடு பொருந்திவிட முயன்று, அப்புதிய காலத்தாலேயே வீழ்ந்த ஒருவரை மகன் காண்கிறான். தனிமனிதத் தவறாகத் தெரிந்தது குடியேற்ற ஆட்சிக் காலத்து வரலாற்றின் பகுதியாக விரிகிறது. பார்வை மாற்றம் என்பதற்கு இவ்வகைப் பொருளும் உண்டு: தந்தையைத் தந்தையாக மட்டுமன்றி, தம் காலத்தில் சிக்கிய மனிதராகக் காணுதல்.

நா. முத்துக்குமாரின் (1975–2016) ‘தூர்’ இதற்கு மாறான திசையில் செல்வது. ஆண்டுதோறும் கிணற்றில் இறங்கித் தூர் எடுக்கும் தந்தையை அக்கவிதை குழந்தையின் வியப்போடு பார்க்கிறது. தொலைந்தவை எல்லாம் சேற்றோடு மேலே வருகின்றன. கரையில் நிற்கும் பிள்ளைகளுக்கு அது திருவிழா. கவிதையின் இறுதியில் பேசுவது வளர்ந்த மகன். தாய் இன்னும் கதவின் மறைவிலிருந்தே தந்தையோடு பேசுவதையும், தந்தை தம் மனத்தைத் தூர்வாராமலே இருந்துவிட்டதையும் அவன் காண்கிறான்.

ஹேடனிடம் பின்னறிவு தந்தையின் சார்பில் சாய்கிறது. முத்துக்குமாரிடம் தாயின் சார்பில் சாய்கிறது. உழைப்பு பொய்யாகவில்லை. கிணறு உண்மையாகவே தூய்மையாயிற்று. ஆயினும் அவ்வுழைப்பு எட்டாத ஓரிடம் வீட்டிற்குள் இருந்தது. அவ்விடத்தைக் குழந்தை காணவில்லை, வளர்ந்தவன் காண்கிறான். இதை நன்றிகெட்ட கவிதை என எவரும் கூறார். அறிதல் என்னும் பொது அடிப்படையில் நோக்கினால் இவ்விரு கவிதைகளும் ஓரினத்தைச் சேர்ந்தவை. நன்றி என்னும் அடிப்படையில் நோக்கினால் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை ஆகிவிடும். வகைப்பாட்டுச் சொல்லை மாற்ற வேண்டியதன் தேவை இங்குத் தெளிவாகிறது.

முடிவுரை

இது வகைப்பாடு பற்றிய சிக்கல் மட்டுமன்று. இன்றைய தமிழ்த்துறைகளில் பயில்வோருள் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தோர் பலர். உழவு, நெசவு, கட்டடப்பணி எனத் தந்தையின் தொழில்களை அவர்கள் கவிதையாக்குகின்றனர். அக்கவிதைகளை ‘தந்தையின் தியாகம்’ என்னும் தலைப்பில் அடக்கும் வாசிப்பு, அவர்களிடம் ஒரே வகை உணர்ச்சியை எதிர்பார்க்கிறது. குடித்துவிட்டு வந்த இரவையும், அடித்த கையையும், தாயின் மௌனத்தையும் எழுதுபவர் அவ்வெதிர்பார்ப்பை மீறியவராகிறார். மீறாதிருக்க விரும்புபவர் அவற்றை எழுதாமல் விடுகிறார். அவ்விடத்தில் கவிதை தன் உண்மையை இழக்கிறது. தந்தையும் உருவமற்ற உத்தமராகி மறைகிறார்.

ஆகவே இவ்வகைக் கவிதைகளை மதிப்பிடுகையில் இரு கேள்விகள் பயன்படும். உழைப்பு எத்துணை நுட்பமாகக் காணப்பட்டுள்ளது என்பது ஒன்று. வெடித்த கையும், ஏர் திரும்பும் சாலும், கிணற்றுச் சேறும் இன்றித் தியாகம் என்னும் பொதுச்சொல் மட்டும் நின்றால், பார்வை மாறவில்லை, சொல்தான் மாறியுள்ளது. அன்றைய குழந்தையின் உணர்வு இன்றைய அறிவுக்குப் பலியிடப்படாமல் எஞ்சியுள்ளதா என்பது மற்றொன்று. அஞ்சிய குழந்தையைப் பொய்யாக்கிப் பெறும் தந்தைப்பெருமை நிலைப்பதில்லை.

குறள் 70 கூறும் கைம்மாறு உலகோர் வாயில் பிறப்பது. அதன் பெருமை குறையாது. ஆயின் உலகோர் காணாத விடியல்களில் செய்யப்பட்டவற்றுக்கு உலகோர் சான்று கூற இயலாது. அவற்றுக்கு உரிய சான்று, அன்று போர்வைக்குள் அஞ்சிக் கிடந்து இன்று கண்டுகொண்டவரின் சொல்லே. அச்சொல்லில் அச்சத்துக்கும் இடம் இருந்தால்தான் அது நம்பத்தக்க சான்றாகும்.